ராஜ்மாவும் ராஜ்மாவும் சம்பந்தம் செய்தால்...

வடக்கே குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை வருஷத்தில் ராஜ்மா சாவலுக்கு வசப்படுகின்றன என்று யாராவது கணக்கெடுத்தால் சுவாரஸ்யமாக இருக்கும். வந்த புதிதில் "இதென்ன, கிட்னி மாதிரி ஒரு பயறு!" என்று ஒதுக்கிய மாமிகள்கூட, குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்ச் சிநேகிதர்களின் டிபன் டப்பாவில் ருசி கண்டு வந்தபின் ராத்திரியே ராஜ்மாவை ஊறப் போடப் பழகிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு விடுமுறை.

நான் விவசாய விஞ்ஞானி இல்லை. டிப்ளமா மெக்கானிகல் படித்து, ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் சேர்ந்து, சக்கரமும் பிரேக்கும் ஆக்ஸில் பாக்ஸுமாக முப்பத்தேழு வருஷம் ஓட்டி ரிட்டையர் ஆனவன். ஆனால் என் அண்ணன் மகள் பயிர்ப் பெருக்கம் படித்து ஒரு மலைப்பிரதேச ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். அவள் மூலமாகத்தான் ராஜ்மாவுக்குள் இருக்கும் ஒரு விசித்திரமான குடும்ப விவகாரம் எனக்குத் தெரியவந்தது. நல்ல ஆரோக்கியமான இரண்டு ராஜ்மா ரகங்களைச் சேர்த்தால் பிறக்கும் பிள்ளை சில சமயம் பிறந்த சில வாரங்களிலேயே சுருண்டுவிடுகிறது. காரணம் என்ன என்று தேடிப் படித்தேன். படித்ததை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பீன்ஸும் ராஜ்மாவும் ஒன்றே

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் பொரியல் செய்யும் பச்சை பீன்ஸும், இங்கே குழம்பு வைக்கும் ராஜ்மாவும் வேறு வேறு செடிகள் அல்ல. இரண்டும் 'பேசியோலஸ் வல்காரிஸ்' என்னும் ஒரே இனம். பிஞ்சாகப் பறித்துத் தின்றால் பீன்ஸ். காயை முற்றவிட்டு விதையை எடுத்தால் ராஜ்மா. பிஞ்சுக்கென்றும் விதைக்கென்றும் தனித்தனி ரகங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் அவரை, துவரை, உளுந்து, தட்டைப்பயறு இவற்றோடு இது ஒரே இனம் அல்ல. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மாதிரி இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்த விருந்தாளி. இமயமலைச் சரிவுகளில் அதற்கு இடம் பிடித்துப்போய்விட்டது. ஜம்முவில் பத்ரவா, ஹிமாசலத்தில் சம்பா, கின்னௌர், உத்தராகண்டில் ஹர்ஷில், முன்ஸியாரி என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ராஜ்மா, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை.

ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிஷமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் காரணத்தோடுதான். பச்சை ராஜ்மாவில் இருக்கும் ஒருவகைப் புரதம் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். நன்கு கொதித்தால்தான் அது செயலிழக்கும். குக்கர் வைத்திருக்கும் நமக்குக் கவலையில்லை.

இரண்டு தாய்வீடு

இந்தச் செடிக்கு ஒரு தாய்வீடு அல்ல, இரண்டு. ஒன்று மெக்ஸிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். இன்னொன்று தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா, அர்ஜென்டினா வரை நீளும் ஆண்டீஸ் மலைத்தொடர். காட்டுச் செடியாக இருந்தபோதே இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. 2014ல் இந்தச் செடியின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து வெளியிட்ட விஞ்ஞானிகள், அந்தப் பிரிவு சுமார் 1,65,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று கணக்கிட்டார்கள். அப்போது அமெரிக்கக் கண்டத்தில் மனிதனே கிடையாது. பிறகு, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கே ஒரு கூட்டத்தாரும் தெற்கே ஒரு கூட்டத்தாரும், ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரியாமல், தத்தம் காட்டுச் செடியை வீட்டுப் பயிராக்கினார்கள்.

ஆகவே உலகத்து ராஜ்மா எல்லாம் இரண்டு பெரிய குலங்கள். மெக்ஸிகோ குலத்து விதை பெரும்பாலும் சிறியது. கறுப்பு பீன், வெள்ளை நேவி பீன் எல்லாம் அந்த வழி. ஆண்டீஸ் குலத்து விதை பெரியது. நாம் கிட்னி பீன் என்று சொல்லும் பெரிய சிவப்பு ராஜ்மா அந்த வழி. நூறு விதையை எண்ணி நிறுத்தால், 25 கிராமுக்குக் கீழே இருப்பதைச் சிறுவிதை என்றும், 40 கிராமுக்கு மேலே போனால் பெருவிதை என்றும் பிரிக்கிறார்கள். உங்கள் வீட்டு டப்பாவிலும் எண்ணிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. நம் நாட்டுக்கு இரண்டு குலமும் வந்து சேர்ந்திருக்கிறது.

விதையின் அளவு ஓர் அடையாளம்தான், சாட்சி அல்ல. உறுதியான சாட்சி விதைக்குள் இருக்கும் 'பேசியோலின்' என்ற புரதம். 1980களில் பால் கெப்ட்ஸ் என்ற விஞ்ஞானி அதை ஆராய்ந்து, வட குலத்தில் ஒரு வகையும் தென் குலத்தில் வேறு வகையும் இருப்பதைக் காட்டினார். நம் ஊரில் கோத்திரம் கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எதற்காகக் கலக்க வேண்டும்?

இரண்டு குலமும் தனித்தனியே சௌக்கியமாக இருக்கும்போது எதற்காக விஞ்ஞானிகள் சம்பந்தம் பேசுகிறார்கள்? காரணம் நோய்.

ராஜ்மா விவசாயிக்குப் பெரிய எதிரி பூஞ்சை. காய்மேல் குழிந்த கரும்புள்ளி விழுந்து விதைவரை கறுத்துப்போகும் ஆந்த்ராக்னோஸ் ஒன்று. நம் ஹிமாசல, காஷ்மீர் விவசாயிகளை அழவைப்பது இதுதான். இலையில் கோணல் கோணலாகப் புள்ளி விழும் நோய் ஒன்று. துரு நோய் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூஞ்சைகளும் செடியோடு சேர்ந்தே இரண்டு குலமாக வளர்ந்திருக்கின்றன. கோணப்புள்ளிப் பூஞ்சையின் ஆண்டீஸ் வகை பெரும்பாலும் ஆண்டீஸ் ராஜ்மாவைத்தான் தாக்கும். பல தலைமுறையாக ஒரே வீட்டுப் பூட்டைப் பார்த்துப் பழகிய திருடனுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியும். வேற்றூர்ப் பூட்டு பிடிபடாது.

ஆகவே வட குலத்தின் பூட்டையும் தென் குலத்தின் பூட்டையும் ஒரே கதவில் போட்டுவிட்டால்? அதுதான் பயிர்ப் பெருக்கக்காரர்களின் ஆசை. ஆண்டீஸ் குலத்தில் 'கோ-1' என்று ஓர் எதிர்ப்பு மரபணு இருக்கிறது. ஆந்த்ராக்னோஸின் மெக்ஸிகோ வகைகள் பலவற்றை அது தடுக்கும். அதையே மெக்ஸிகோ குலத்துச் செடியில் வட குலத்து எதிர்ப்பு மரபணுக்களோடு சேர்த்து வைத்தால் நோய் சுலபத்தில் உடைத்துக்கொண்டு வராது. துரு நோய்க்கும் இதே உபாயம். மருந்து அடிக்க வசதியில்லாத சின்ன விவசாயிக்கு இதைவிட நல்ல காப்பு இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ருவாண்டா, உகாண்டா போன்ற நாடுகளில் ஏழைக்குப் புரதம் என்றால் ராஜ்மாதான். ஒரு பருவம் பொய்த்தால் பாத்திரம் காலி.

சுருண்டுபோன வாரிசு

ராஜ்மாப் பூவில் கலப்புச் செய்வது பொறுமையான வேலை. பூ விரிவதற்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுவிடும் சுபாவம் அதற்கு. ஆகவே மொக்காக இருக்கும்போதே இடுக்கியால் பிரித்து, மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பூ வெற்றியானால் பெரிது என்பாள் என் அண்ணன் மகள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய பண்ணைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகையில் மூன்று வரிசைத் தொட்டி. இடதுபக்கம் சிறுவிதை கறுப்பு ரகம், திமுதிமுவென்று வளர்ந்திருந்தது. வலதுபக்கம் பெருவிதை சிவப்பு ரகம், அதுவும் வாட்டசாட்டம். நடுவரிசை இரண்டுக்கும் பிறந்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. இலை சிறுத்து, வெளிறி, ஓரம் சுருண்டு கிடந்தது.

"ஒரே நாளில் விதைத்தது சித்தப்பா. ஒரே மண், ஒரே தண்ணீர்" என்றாள். ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள். வேர் நாலு விரல்கடை நீளம். வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பேறி நுனி செத்திருந்தது.

"தெரியாதவர்கள் பார்த்தால் வைரஸ் என்பார்கள். இல்லாவிட்டால் உரம் போதவில்லை என்பார்கள். இரண்டும் இல்லை. இது பிறவியிலேயே வந்தது."

அறுபது வருஷத்துக்கு முன்பும் விஞ்ஞானிகளுக்கு இதே மாதிரித் திகைப்பு இருந்திருக்கிறது. 1965ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் டெர்மட் காய்ன், வைரஸ் தாக்கியது போலவே தோன்றும் ஒருவகை ஊனம் ராஜ்மாவில் மரபு வழியாக வருகிறது என்று எழுதினார். பிறகு 1980ல் ஷீ, மோக் முதலான ஆராய்ச்சியாளர்கள் கலப்பு ராஜ்மாவில் தோன்றும் இந்தக் குறுக்கத்தை முறைப்படி அலசி, இரண்டே மரபணுக்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். அவற்றுக்கு டி.எல்.1, டி.எல்.2 என்று பெயர். எத்தனை பங்கு சேர்கிறதோ அத்தனைக்குத் தக்கபடி கொல்லும் என்பது அந்தப் பெயரின் பொருள்.

வேருக்கும் தண்டுக்கும் வழக்கு

இவற்றில் டி.எல்.1 சிறுவிதைக் குலத்தில் இருக்கிறது. டி.எல்.2 பெருவிதைக் குலத்தில் இருக்கிறது. தனியாக இருக்கும்வரை இரண்டும் பரம சாது. ஒரே செடியில் கூடும்போதுதான் விபரீதம்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரயில்வேயில் ஒரு பெட்டி ஓட்டத்தில் தகராறு செய்தால், பழுது போகியிலா பாடியிலா என்று பார்க்க இரண்டையும் பிரித்து மாற்றிப் போட்டுப் பார்ப்போம். அவர்களும் அதையேதான் செய்தார்கள். நாம் ரோஜாவுக்கு ஒட்டுக்கட்டுவதுபோல, ஒரு ரகத்தின் வேர்ப் பாகத்தில் இன்னொரு ரகத்தின் தண்டை ஒட்டினார்கள். கலப்பே இல்லை, இரண்டும் சுத்தமான ரகங்கள். டி.எல்.1 உள்ள வேரில் டி.எல்.2 உள்ள தண்டை ஒட்டினால் அதே சீக்கு வந்தது. தலைகீழாக ஒட்டினால் வரவில்லை. ஆக, டி.எல்.1 வேலை செய்யும் இடம் வேர், டி.எல்.2 வேலை செய்யும் இடம் தண்டு.

2007ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி இதை ஒரு படி மேலே கொண்டுபோயிற்று. மேலே தண்டிலிருந்து ஏதோ ஒரு தடைச் செய்தி கீழே இறங்குகிறது. அது கிடைத்ததும் வேர் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. அந்த அழிவில் சாலிசிலிக் அமிலம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று கண்டார்கள். நம் ஆஸ்பிரின் மாத்திரைக்கு நெருங்கிய உறவான அமிலம்தான் அது. செடிக்குள் அது எச்சரிக்கை மணி. கிருமி நுழைந்தால் சாலிசிலிக் அமிலம் கூடி, அடிபட்ட இடத்துச் செல்கள் தாமே மடிந்து கிருமியைச் சிறைப்படுத்தும். இங்கே கிருமியே இல்லை. ஆபத்து இல்லாத ரயிலில் யாரோ அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதுபோல!

இது ராஜ்மாவுக்கு மட்டும் உள்ள வினோதம் அல்ல. அதே 2007ல் ஜெர்மனியில் 'அராபிடாப்ஸிஸ்' என்ற கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில் நூற்றுக்கணக்கான கலப்புகள் செய்து பார்த்தார்கள். சுமார் நூற்றுக்கு இரண்டில் பிள்ளைச் செடி இலை கருகிக் குன்றியது. அங்கே ஆராய்ந்த ஒரு ஜோடியில் நோய் எதிர்ப்பு மரபணு ஒன்றே காரணமாக இருந்தது. இரண்டு வீட்டுக் காவல் நாய்களை ஒரே வாசலில் கட்டினால் திருடனை விட்டுவிட்டு ஒன்றையொன்று குதறிக்கொள்கிற கதைதான்.

குற்றவாளி யார்?

படித்தபோது என் மனதில் எழுந்த முதல் கேள்வி: பிள்ளையைக் கொல்லும் மரபணுவை இயற்கை ஏன் இத்தனை லட்சம் வருஷம் விட்டு வைத்தது? கெட்டது என்றால் அழிந்திருக்க வேண்டாமா?

இதற்கான விடையின் முதல் வரியை 1909ல் பேட்ஸன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி எழுதினார். 1930களில் டோப்ஜான்ஸ்கியும் 1940களில் முல்லரும் அதை விரித்துச் சொன்னார்கள். எனக்குப் புரிந்ததை என் தொழில் பாஷையில் சொல்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ரயில் வண்டிகளில் வேக்குவம் பிரேக் இருந்தது. அதில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் பிரேக் விடும். காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடிக்கும். பிறகு ஏர் பிரேக் வந்தது. அதில் எல்லாம் நேர்மாறு. குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்றை நிரப்பினால் பிரேக் விடும். காற்று இறங்கினால் பிரேக் பிடிக்கும். இரண்டுமே நல்ல ஏற்பாடு. இரண்டும் கோடிக்கணக்கான பேரைப் பத்திரமாக ஊர் சேர்த்தவை. ஆனால் வேக்குவம் வண்டிக் குழாயில் ஏர் பிரேக் இன்ஜினின் காற்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றுக்கு 'ஓடு' என்ற உத்தரவு மற்றதற்கு 'நில்' என்று அர்த்தம். வண்டி ஓர் அங்குலம் நகராது. இதில் வேக்குவம் கெட்டதா, ஏர் கெட்டதா?

ராஜ்மாவிலும் அதுதான். ஆதித் தாய்ச்செடியில் டி.எல்.1ம் கிடையாது, டி.எல்.2ம் கிடையாது. பிரிந்துபோன வட குலத்தில் ஒரு மாறுதல் வந்தது. அங்கே அது யாருக்கும் தொல்லை தரவில்லை. தென் குலத்தில் வேறொரு மாறுதல் வந்தது, அங்கேயும் தொல்லையில்லை. ஒன்றையொன்று சந்திக்காத வரை இவை ஒத்துப்போகுமா என்ற பரீட்சையே நடக்கவில்லை. பரீட்சை நடந்த அன்றுதான் தோல்வி தெரிந்தது. தாயிடமும் குற்றமில்லை, தந்தையிடமும் குற்றமில்லை.

இதில் ஒரு லாபமும் விளைந்தது. சிறுவிதையோடு பெருவிதை சேரும்போதே இந்தச் சீக்கு வருகிறது என்பதை வைத்து, 1985ல் கெப்ட்ஸும் ப்ளிஸ்ஸும் ராஜ்மாவில் இரண்டு தனிக் குலங்கள் இருக்கின்றன என்று வாதிட்டார்கள். சரித்திரத்துக்குச் சாட்சி சொன்னது ஒரு சவலைச் செடி!

பதினாறு கட்டக் கணக்கு

பிள்ளைகளுக்குப் பள்ளியில் மெண்டல் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இது சுலபம். ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. முதல் தலைமுறைக் கலப்பில் டி.எல்.1 ஒரு பங்கு, டி.எல்.2 ஒரு பங்கு. அதனால் செடி குன்றும். ஆனாலும் சூடு குறைந்த இடத்தில் வைத்துப் பராமரித்தால் சீக்கின் கடுமை குறைந்து விதை கொடுக்கும். சூடு ஏறினால் கடுமையும் ஏறும்.

அந்த விதைகளைப் போட்டால் இரண்டாம் தலைமுறை. சராசரியாகப் பதினாறு செடிக்கு இப்படிப் பிரியும்: 5 செடிகளில் இரண்டு மரபணுவும் சேர்ந்து மூன்று அல்லது நான்கு பங்கு ஆகிவிடும், அவை மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டுப் பெரும்பாலும் நாற்றிலேயே போய்விடும். 4 செடிகள் தாயைப்போலவே குன்றி நிற்கும். மீதி 7 செடிகளில் இரண்டில் ஏதாவது ஒன்று முற்றிலும் இல்லாமல் போயிருக்கும். அவை சாதாரணமாக வளரும். அந்த ஏழிலும் ஒன்றே ஒன்றில்தான் டி.எல்.1, டி.எல்.2 இரண்டுமே இருக்காது. ஆதித் தாய்ச்செடி மாதிரி.

அந்தப் பதினாறில் ஒன்றுதான் பயிர்ப் பெருக்கக்காரர்களுக்குத் தங்கம்.

பாலம் போடுகிறவர்கள்

வேக்குவத்திலிருந்து ஏர் பிரேக்குக்கு மாறிய வருஷங்களில் எங்களைக் காப்பாற்றியது இரட்டை பிரேக் இன்ஜின். வேக்குவம் வண்டி வந்தால் அதையும் இழுக்கும், ஏர் பிரேக் வண்டி வந்தால் அதையும் இழுக்கும். அது இல்லாவிட்டால் பாதி வண்டிகள் யார்டிலேயே நின்றிருக்கும்.

ராஜ்மாவுக்கும் அப்படிப்பட்ட இன்ஜின் தேவைப்பட்டது. கொலம்பியாவில் காலி நகரத்துக்குப் பக்கத்தில் 1967ல் தொடங்கிய சர்வதேச வெப்பமண்டல விவசாய மையம் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய ராஜ்மா விதைக் களஞ்சியம் அங்கேதான். 37,000க்கு மேற்பட்ட விதை மாதிரிகள். அங்கே வேலை பார்த்த ஸ்ரீ சிங் என்பவரும் குத்தியெரெஸ் என்பவரும் எந்த நாட்டு ரகத்தில் எந்த மரபணு இருக்கிறது என்று தேடி 1984ல் வெளியிட்டார்கள். எல்லா ரகத்திலும் இந்த மரபணுக்கள் இருப்பதில்லை என்பது நல்ல செய்தி. இரண்டுமே இல்லாத ரகங்களும் உண்டு. அவற்றை முதலில் ஒரு குலத்தோடு கலந்து, அந்தப் பிள்ளையை மறு குலத்தோடு கலந்தால் வழி திறக்கும். நேர் வழி அடைத்திருந்தால் ஜங்ஷனில் இறங்கி வண்டி மாறிப் போவதுபோல.

வழி திறந்ததால் பயணம் சுலபமாகிவிடவில்லை. சாகாமல் பிழைத்த கலப்புகளும் விளைச்சலில் பெற்றோரை எட்டுவது அபூர்வம். லட்சம் வருஷமாகத் தனித்தனியே பொருந்தி வந்த ஆயிரம் சின்னச் சின்ன ஏற்பாடுகள் ஒரே நாளில் கலைந்துபோகின்றன. அதனால் வேண்டிய ஒன்றிரண்டு எதிர்ப்பு மரபணுவை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொந்தக் குலத்தோடேயே சேர்த்து, பல தலைமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். இப்போது பூமி சூடேறுவதால் இன்னும் தூரத்து உறவையும் தேடிப் போகிறார்கள். பாலைநிலத்துச் செடியான டெப்பரி பீனோடு கலந்து, வெப்பம் தாங்கும் 30 வகைகளைக் கொலம்பிய மையம் 2015ல் அறிவித்தது. ஒரே இனத்துக்குள்ளேயே இத்தனை சிக்கல் என்றால், வேற்றினத்தோடு கலப்பது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு சேதி

நம் வாசகர்களில் தஞ்சை ஜில்லாக்காரர்கள் ஆடுதுறை 27ஐ மறந்திருக்க மாட்டார்கள். 1960களின் நடுவில் குறுவைக்கு வந்த நெல். அதுவும் இப்படிப்பட்ட ஒரு கடினமான சம்பந்தத்தில் பிறந்ததுதான்.

நெல்லிலும் இரண்டு பெருங்குலம்: நம் நாட்டு இண்டிகா, ஜப்பான் பக்கத்து ஜபோனிகா. உரத்தைத் தாங்கி விளையும் ஜபோனிகாவின் குணத்தை நம் நெல்லில் ஏற்ற வேண்டும் என்று 1950களில் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனத்தின் ஆதரவில் கட்டக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய திட்டம் நடந்தது. அங்கே வந்த தொல்லை வேறு மாதிரி. கலப்புச் செடி பச்சைப் பசேலென்று வளரும், கதிரும் தள்ளும். கையில் எடுத்து உருவினால் பாதிக்கு மேல் பதர். ஏராளமான கலப்புகளில் விவசாயி கைக்கு வந்து நிலைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று, ஜப்பானின் நோரின் 10 நெல்லுக்கும் கோயம்புத்தூர் தந்த ஜி.இ.பி. 24 நெல்லுக்கும் பிறந்த ஆடுதுறை 27.

1980களில் இகேஹாஷி, அராக்கி என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் எந்தப் பக்கத்தோடும் பதர் விழாமல் சேரும் நெல் ரகங்களைக் கண்டுபிடித்து, அதற்குக் காரணமான மரபணுவையும் அடையாளம் காட்டினார்கள். நெல்லின் இரட்டை பிரேக் இன்ஜின்!

மனிதருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

ஆரம்பத்தில் இன்னொரு காரணம் என்றேனே, அதற்கு வருகிறேன்.

காலையில் பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவர், நம் சங்க உறுப்பினர்தான், மகனுக்குப் பஞ்சாபிப் பெண்ணைப் பார்த்து முடிவாகியிருக்கிறது. பிள்ளையே பார்த்துக்கொண்டது. அவருக்குச் சம்மதம், ஆனால் அடிமனதில் ஒரு முள். ஒரு நாள் இந்த ராஜ்மா கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். சட்டென்று நின்றுவிட்டார்.

"அப்போ ஸார், ஊரில் பெரியவர்கள் ரத்தம் கலக்கக்கூடாது என்று சொல்வதற்கு விஞ்ஞானத்திலும் ஆதாரம் இருக்கிறது என்கிறீர்களா?"

அவர் குரலில் இருந்த பயம் என்னைச் சங்கடப்படுத்தியது. ஏனென்றால் இந்த மாதிரி அரைகுறை உவமையை வைத்துக்கொண்டு எத்தனையோ கல்யாண வீட்டில் பேச்சு நடக்கிறது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

இரண்டு ராஜ்மா குலங்களும் ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் ஒன்றையொன்று ஏறக்குறையப் பார்க்காமல் பிரிந்திருந்தவை. மனிதர்கள் அப்படிப் பிரிந்திருந்ததே இல்லை. போன இடமெல்லாம் கலந்துகொண்டே இருந்தவர்கள். உலகின் எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் மரபணு எழுத்தில் ஆயிரத்துக்கு ஒன்று அளவில்தான் வித்தியாசம். நம் தேசத்தைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் டேவிட் ரைக் முதலான அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2009ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்தியாவின் பெரும்பாலான சமூகங்கள் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலப்பே என்று காட்டிற்று. 2013ல் வந்த அடுத்த ஆராய்ச்சி, சுமார் 4,200 ஆண்டுகளிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தக் கலப்புத் தாராளமாக நடந்தது என்று கணக்கிட்டது. தஞ்சாவூரும் லூதியானாவும் பழைய சம்பந்திகளே. நண்பரின் மகன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

உண்மையில் நம் கவலை எதிர்த்திசையில் இருக்க வேண்டும். 2017ல் அதே குழுவினர் 263 தெற்காசியச் சமூகங்களை ஆராய்ந்ததில், 81 சமூகங்கள் தமக்குள்ளேயே மணந்து மணந்து மிகவும் நெருங்கிப்போயிருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் மறைந்திருக்கும் நோய் மரபணு அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் ஒரே பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு அதிகம். மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் கட்டும் வழக்கம் உள்ள நம்மவர்கள் இதை யோசிக்க வேண்டும். முன்னமே அப்படி மணந்தவர்கள் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் உறவுமுறையைச் சொல்லி ஆலோசனை பெறுவது நல்லது.

நண்பர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அப்போ மெனுவில் என்ன போடலாம் ஸார்?" என்றார். முதல் நாள் ராத்திரி ராஜ்மா சாவல், மறுநாள் முகூர்த்தச் சாப்பாட்டில் பீன்ஸ் உசிலி என்று அங்கேயே முடிவு செய்தோம். கல்யாணம் தை மாதம். சங்கத்துக்கும் பத்திரிகை வரும். எல்லாரும் குடும்பத்தோடு வந்து ஆசீர்வதிக்க வேண்டும்.